நாற்பத்தோராவது பெயர்

வர மாட்டேன்னு சொல்லலை டீச்சர். வர முடியாதுன்னு சொல்றேன். ரெண்டும் ஒண்ணு இல்லை.

உக்காருங்க. எங்க வீட்ல கோயிலுக்குப் போயிருக்காங்க, திரும்ப அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள சொல்லிடறேன். அவங்க இருக்கும்போது சொல்ல முடியாது. அவங்களுக்கு இது தெரியாது. யாருக்குமே தெரியாது. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க ஊருக்குப் புதுசு. அப்புறம் நீங்க கொண்டாந்த இந்த நோட்டீஸ். 'மாணவர்கள் நடத்தும் வெறிநாய்த் தடுப்பூசி முகாம். தலைமை: திரு. வைரவன், கால்நடை ஆய்வாளர், ஓய்வு.' அதுக்குக் கீழே உங்க ஸ்கூல் புள்ளைங்க இருபது பேரோட பேரையும் வரிசையாப் போட்டிருக்கீங்க. அதைப் படிச்சுக்கிட்டே வந்தேன். ஏழாவது எட்டாவது பேருக்கு மேல என்னால படிக்க முடியலை.

இதுதான் முதல் முகாம்னு நினைச்சிருக்கீங்க. இல்லை. பத்து வருஷம் முன்னாடி ஒண்ணு நடந்துச்சு. அதையும் புள்ளைங்கதான் நடத்துனாங்க.

மூணு பேரு. சிவரஞ்சனின்னு ஒரு பொண்ணு, ஏழாவது முடிச்சு எட்டாவது போகப்போறா. அவங்கப்பா பஸ் ஸ்டாண்டுல சைக்கிள் ஸ்டாண்டு வச்சிருந்தார். கூட அஸ்லம்னு ஒருத்தன், தர்மான்னு ஒருத்தன். ரெண்டு பேரும் அவளைவிட ஒரு வகுப்பு கம்மி. இவ சொன்னா அவனுங்க செய்வானுங்க. ஒருநாள் வாய்க்கால்ல விழுந்து கால் ஒடிஞ்ச நாய்க்குட்டி ஒண்ணை உரச் சாக்குல போட்டு மூணு பேருமாத் தூக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு வந்தாங்க. நான் கட்டுப் போட்டு விட்டேன். அன்னைக்குப் புடிச்ச பைத்தியம். அதுக்கப்புறம் விடவே இல்லை. தெருமுனைக்குத் தெருமுனை மண்சட்டியில தண்ணி வச்சாங்க. முடியாதவங்க வீட்டு நாயை நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க. காது கேக்காத டெய்லர் ஒருத்தர் பூனை வளத்தார், அதுக்குக் கண்ணுல சொட்டு மருந்து விடறதுக்குத் தினம் ரெண்டு வேளை போவாங்க. அவங்களா ஒரு பேரும் வச்சுக்கிட்டாங்க, 'வாலாட்டி சங்கம்'னு. சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சேன்.

என்னை 'டாக்டர் சார்'னுதான் கூப்பிடுவாங்க. நான் டாக்டர் இல்லை. டாக்டர் அப்போ மூணு ஊருக்கு ஒருத்தர். செவ்வாயும் வெள்ளியும்தான் இங்க வருவார். நான் ஆய்வாளர், மாட்டுக்கு ஊசி போடறவன். ஒவ்வொரு தடவையும் திருத்தணும்னு நினைப்பேன். திருத்தலை. நல்லாத்தான் இருந்துச்சு.

செக்கடித் தெருவுல ஆரோக்கியம்னு ஒருத்தர் இருந்தார். லாரி டிரைவரா இருந்தவர், சர்க்கரை வந்து ஒரு காலை எடுத்துட்டாங்க. சம்சாரம் இல்லை. மக திண்டுக்கல்ல. இவருக்குத் துணை ஒரு நாய். கறுப்பு நாய், நெஞ்சுல மட்டும் வெள்ளை. ஜமீன்னு பேரு. ஏன் அந்தப் பேருன்னா, அது கீழே படுக்காது. கட்டில்ல இவர் படுக்கிறதுக்கு முன்னாடி அது ஏறிப் படுத்துக்கும். இவர் மிச்ச இடத்துல ஒடுங்கிப் படுப்பார். சிவரஞ்சனிதான் தினம் சாயங்காலம் ஜமீனை வெளிய கூட்டிட்டுப் போவா. அவர் வாசல்ல கம்பை ஊனிக்கிட்டு உக்காந்து, அவங்க தெரு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பார். "பாப்பா, ரோட்டோரமாப் போ"ம்பார். தினம் அதையேதான் சொல்வார்.

அந்த வருஷம் பக்கத்து ஊர்ல வெறிநாய் கடிச்சு ஒரு ஆள் போயிட்டார். மேலிடத்துல இருந்து, எல்லா ஊர்லயும் நாய்களுக்கு ஊசி போடுங்கன்னு உத்தரவு. போடலாம், நாயை யார் கொண்டு வர்றது? நம்ம சனம் மாட்டைக் கொண்டு வரும், ஆட்டைக் கொண்டு வரும். நாயைக் கொண்டு வராது. அப்போ இந்த மூணு பேரும் வந்து நிக்கிறாங்க. "டாக்டர் சார், நாங்க கூட்டிட்டு வர்றோம்."

மே மாச லீவு. வீடு வீடாப் போனாங்க டீச்சர், பத்து நாள். அந்தப் பொண்ணு ஒரு நீள நோட்டு வச்சிருந்தா. நாய் பேரு, நிறம், அடையாளம், வளக்கிறவங்க பேரு, கதவு நம்பர், தெரு. கோடு போட்டு, கட்டம் கட்டி. எங்க ஆபீஸ் ரெஜிஸ்டர்கூட அவ்வளவு சுத்தமா இருக்காது. யாரும் வளக்காத தெரு நாய்க்குக்கூட பேரு வச்சு எழுதியிருந்தா. 'பரோட்டா, செம்பட்டை, இடது காது மடிஞ்சது, புதுத்தெரு ஹோட்டல் பின்னாடி.' இப்படி.

சனிக்கிழமை மருந்து எடுத்துட்டு வரணும், ஞாயித்துக்கிழமை முகாம். மருந்து ஜில்லா ஸ்டோர்ல இருந்து வரும். தெர்மோகோல் பெட்டியில ஐஸ் போட்டு, அதுக்குள்ள குப்பி. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்து குளிர்பெட்டியில வச்சுடணும். சூடு பட்டா அந்த மருந்து போச்சு. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. முப்பது வருஷம் செஞ்ச வேலை.

அன்னைக்கு என் மச்சினன் புள்ளைக்குக் காதுகுத்து. வர்ற வழியிலதான் ஊரு. மாமனார் வீட்டு விசேஷம், நான் தலையைக் காட்டாட்டி எங்க வீட்ல ஒரு மாசம் பேச மாட்டாங்க. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடலாம்னு போனேன். பந்தியில உக்கார வச்சுட்டாங்க. சாப்பிட்டதும் எழுந்திரிக்கலாம்னா, பழைய சினேகிதக்காரங்க ரெண்டு பேரு. பேச்சுன்னா பேச்சு. பெட்டி வண்டியிலயே கட்டியிருக்கு. வண்டியை நிழல்லதான் நிறுத்துனேன் டீச்சர். உள்ளதைச் சொல்றேன், நிழல்லதான் நிறுத்துனேன். நிழல் நகந்து போயிருச்சு. கத்திரி வெயில். நாலு மணிக்கு வந்து தொட்டா, பெட்டி அடுப்பு மேல வச்ச மாதிரி இருக்கு. தொறந்தேன். ஐஸ் எல்லாம் கரைஞ்சு, வெந்நி மாதிரி தண்ணி, அதுல குப்பிங்க மிதக்குது.

என்ன செஞ்சிருக்கணும்? டாக்டருக்குப் போன் போட்டு, மருந்து வீணாயிருச்சு, முகாமைத் தள்ளி வைங்கன்னு சொல்லியிருக்கணும். சொன்னா எப்படி வீணாச்சுன்னு கேப்பார். எழுதிக் கொடுன்னு சொல்வார். காதுகுத்துக்குப் போனேன்னு எழுதவா? அப்புறம் அந்தப் புள்ளைங்க. பத்து நாள் வெயில்ல அலைஞ்சிருக்குங்க. சொந்தச் செலவுல காகிதக் கொடி ஒட்டியிருக்குங்க சமுதாயக்கூடத்துல. நாளைக்கு இல்லைன்னு அதுங்க முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது? அதுங்க மனசு ஒடிஞ்சுடாதா? அதையும் நினைச்சேன். சத்தியமா அதையும் நினைச்சேன்.

கொண்டாந்து குளிர்பெட்டியில வச்சேன். காலையில எடுத்துப் பாத்தா ஜில்லுன்னு இருக்கு. நிறம் மாறலை, ஒண்ணும் ஆகலை. ஜில்லுன்னு இருந்தா நல்ல மருந்துதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

முகாம் திருவிழா மாதிரி நடந்துச்சு. டாக்டர் வந்து தொடங்கி வச்சுட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு, அடுத்த ஊர் முகாமுக்குப் போயிட்டார். நான்தான் போட்டேன் எல்லாத்துக்கும். அறுபத்து மூணு நாய். அஸ்லம் வாயைக் கட்டுவான், தர்மா புடிச்சுக்குவான், சிவரஞ்சனி காதுகிட்ட ஏதோ பேசிக்கிட்டே இருப்பா, நான் ஊசியை இறக்குவேன். அப்புறம் அவ நோட்டுல ஒரு டிக் அடிச்சு, மஞ்சள் அட்டையில பேரை எழுதி நீட்டுவா. நான் கையெழுத்துப் போடுவேன்.

நாப்பத்தொண்ணாவது ஜமீன். ஆரோக்கியத்தால வர முடியாதுல்ல, இவதான் கூட்டிட்டு வந்தா. ஊசியை இறக்குனதும் அந்த நாய் என் கால் மேல ஒண்ணுக்குப் போயிடுச்சு, செருப்போட. எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன். அந்தப் பொண்ணு பதறிப் போயி, குடிக்க வச்சிருந்த தண்ணியை எடுத்துட்டு வந்து, குனிஞ்சு என் காலைக் கழுவி விட்டா. "மன்னிச்சுக்கங்க டாக்டர் சார், அதுக்குத் தெரியாது"ன்னா.

இப்பவும் அந்தக் கால்ல தண்ணி ஊத்துற மாதிரி இருக்கும் சில நேரம். அது கிடக்கட்டும்.

ஆகஸ்ட் மாசம். ஒரு புதன்கிழமை காலையில ஸ்கூல் யூனிபார்மோட ஓடி வர்றா. "சார், ஜமீன் தண்ணி குடிக்க மாட்டேங்குது. எச்சி ஒழுகிக்கிட்டே இருக்கு. சும்மா காத்தைக் கடிக்குது."

"நீ தொட்டியா?"ன்னேன். "தொடலை சார். தாத்தா கிட்ட விட மாட்டேங்கறார்"ன்னா. "யாரையாவது கடிச்சுச்சா?"ன்னேன்.

"முந்தாநாள் பக்கத்து வீட்டு நிதினைக் கடிச்சிடுச்சு சார். கையில. ஆனா பயமில்லை, நாமதான் ஊசி போட்டிருக்கோமே. அவங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போறேன்னாங்க. நான்தான் மஞ்சள் அட்டையைக் காட்டுனேன்."

அந்த அட்டையில என் கையெழுத்து டீச்சர்.

வண்டியை எடுத்துட்டுப் போனேன். பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அடிக்கடி பாக்கறதில்லை, ஆனா ஒருதரம் பாத்தவன் மறக்க மாட்டான். கண்ணு வேற மாதிரி இருக்கும். கட்டில் கால்ல கட்டிப் போட்டிருந்தார் ஆரோக்கியம். வாசல்ல உக்காந்து, "வைரவா, என்னன்னு பாருய்யா, ரெண்டு நாளா இவன் என் மொகத்தையே பாக்க மாட்டேங்கறான்"ங்கறார். நான் நிக்கலை. பக்கத்து வீட்டுக்குள்ள போனேன். அந்தப் பையனோட அம்மா கோமதி, தோசை ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்கா. பையனுக்கு நாலு வயசு. கையில மஞ்சளை அரைச்சுப் பத்துப் போட்டிருக்கா. அவன் அந்தக் கையாலயே தோசையைப் பிச்சுக்கிட்டு இருக்கான்.

"இப்பவே கிளம்பு. பெரியாஸ்பத்திரிக்கு. ஊசி போட்டே ஆகணும். அதுக்கு முன்னால அந்தப் பத்தை அலம்பு, சோப்புப் போட்டு நல்லா அலம்பு"ன்னேன்.

அவ தோசைக் கரண்டியோட நிக்கிறா. "என்ன சார்? நாய்க்குத்தான் ஊசி போட்டாச்சே? அட்டை இருக்கே? நீங்கதானே சார் போட்டீங்க?"

அதுக்குள்ள தெரு கூடிருச்சு. அவ புருஷன் வந்துட்டான், ஆரோக்கியம் கம்பை ஊனிக்கிட்டு வந்துட்டார், சைக்கிள் ஸ்டாண்டுல இருந்து சிவரஞ்சனி அப்பாவும் வந்துட்டார். எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க. "ஊசி போட்ட நாய்க்கு எப்படி சார் வெறி வரும்? என்னத்தைப் போட்டீங்க?"

சொல்லியிருக்கலாம். இப்போ நினைச்சா, ஒரு வார்த்தை போதும். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் போடாட்டியும், நாய் கடிச்சா மனுசன் ஊசி போட்டே ஆகணும். அதுதான் விதி. உள்ளதும் அதுதான். அதைச் சொல்லியிருந்தா நானும் மாட்டியிருக்க மாட்டேன், வேற யாரும் மாட்டியிருக்க மாட்டாங்க. அந்த வார்த்தை அன்னைக்கு வாயில வரலை. என் புத்தியில அந்தப் பெட்டிதான் ஓடிச்சு, அந்த வெந்நீர்ல மிதந்த குப்பிங்கதான். கண்டுபிடிச்சுட்டாங்கன்னே நினைச்சுட்டேன்.

சொன்னேன்: "ஊசி போட்ட நாய்க்கு வெறி வராது. அப்போ இந்த நாய்க்குப் போடலை. அன்னைக்கு அறுபது எழுபது நாயி. பேரெல்லாம் சின்னப் புள்ளைங்க எழுதினது. ஒண்ணு ரெண்டு மாறிப் போயிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பொண்ணு பேரைக்கூட நான் சொல்லலை டீச்சர்.

எல்லாரும் திரும்பினாங்க. அவ சுவரோரமா, புத்தகப் பையோட நின்னுக்கிட்டு இருந்தா. "இல்லையே... நான் கூட்டிட்டு வந்தேனே"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. அப்புறம் என்னைப் பாத்தா. நான் சொல்வேன்னு பாத்தா. 'ஆமாம்மா, கூட்டிட்டு வந்தே, நான்தான் போட்டேன்'னு சொல்வேன்னு பாத்துக்கிட்டே நிக்கிறா.

நான் குழந்தையோட கையைப் பாத்தேன். "நேரம் போகுது, கிளம்புங்க"ன்னேன்.

அவங்கப்பா அடிச்சார். கன்னத்துல ஒண்ணு, முதுகுல ஒண்ணு. "நாலு வயசுப் புள்ளைடி, ஏதாவது ஆனா என்னடி பதில் சொல்வே? பெரிய சங்கம் வச்சிருக்கா சங்கம்!" கோமதி அவளை ஒண்ணும் சொல்லலை. சொல்லவும் நேரமில்லை, புள்ளையைத் தூக்கிட்டு ஓடினா. ஆரோக்கியம்தான். அந்த மனுசன் திட்டலை, சத்தம் போடலை. "பாப்பா, நீ அன்னைக்கு ஜமீனைக் கூட்டிட்டுப் போகலையா? வேற எங்கேயாவது விளையாடப் போயிட்டியா? நிசத்தைச் சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்"னார்.

அவ அழலை. அதுவரைக்கும் அழலை. அதைக் கேட்டதும்தான் அழுதா.

பையன் பொழச்சுட்டான். அதைச் சொல்லிடறேன். மூணாவது நாளே ஊசி விழுந்துருச்சுல்ல, ஒண்ணும் ஆகலை. இப்போ ஒன்பதாவது படிக்கிறான், உங்க ஸ்கூல்தான். நல்ல உசரம். நான் ஓடிப் போய்ச் சொல்லாட்டி அவன் இல்லை, அதுவும் உண்மைதானே? ஆரோக்கியத்தையும், அந்தப் புள்ளைங்க மூணு பேரையும்கூட ஊசி போட்டுக்க வச்சேன். அதுலெல்லாம் நான் கவனமா இருந்தேன்.

ஜமீன் மறுநாள் செத்துப் போச்சு. தலையை ஆய்வுக்கு அனுப்பணும்னு முறை இருக்கு. அனுப்பலை. அன்னைக்கு வேலை நெருக்கடி... சரி, அது இல்லை. அனுப்பினா ரிப்போர்ட் வரும், ரிப்போர்ட் வந்தா கேள்வி வரும். ஆழமாக் குழி வெட்டச் சொல்லி, சுண்ணாம்பு போட்டுப் புதைச்சேன்.

பத்து நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்தா. தனியா. அந்த நோட்டை நெஞ்சோட அணைச்சுப் புடிச்சிருக்கா. மேசை மேல விரிச்சு வச்சு, நாப்பத்தொண்ணாவது வரியில விரலை வச்சா. "சார், டிக் அடிச்சிருக்கேன் சார். உங்களுக்கு ஞாபகம் இல்லையா சார்? ஜமீன் உங்க கால் மேல ஒண்ணுக்குப் போச்சே. நான்தானே சார் உங்க காலைக் கழுவினேன்?"

யாருமே இல்லை அங்க. அவளும் நானும்தான். அப்போ சொல்லியிருந்தா யாருக்குத் தெரியும்? அவளுக்கு மட்டும்தான் தெரியும். சின்னப் புள்ளைகிட்ட, 'நீ செஞ்சது சரிதாம்மா, தப்பு என்னுது'ன்னு ஒரு வரி. ஆனா அவ போய் அப்பாகிட்ட சொல்வா. அப்பா ஊர்ல சொல்வார். எனக்கு ரிடையர் ஆக நாலு வருஷம். பெரிய பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருந்தோம்.

"அது வேற நாய்ம்மா"ன்னேன். "என் கால் மேல போனது பழுப்பு நாய். கறுப்பு இல்லை."

அவ யோசிச்சா டீச்சர். என்னைச் சந்தேகப்படலை. நெத்தியைச் சுருக்கிக்கிட்டு, தன்னைத்தான் யோசிச்சா. "பழுப்பா சார்? அப்படியா?"ன்னா. அப்புறம், "எனக்குக் கறுப்புன்னுதான் தோணுது. நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். நான்தான் ஏதோ மாத்தி எழுதிட்டேன்"ன்னா. என் மேசை மேல இருந்த பேனாவை எடுத்து, என்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தா, நாப்பத்தொண்ணாவது வரியை அடிச்சா. ஸ்கேல் வச்ச மாதிரி நேரா அடிச்சா.

அப்போ எனக்கு இன்னொரு கவலை. மிச்சம் அறுபத்து ரெண்டு நாய் ஊருக்குள்ள திரியுது. எல்லாத்துக்கும் போட்டது அதே மருந்து. நான் சும்மா இருக்கலை, அதையும் நீங்க கேட்டுக்கணும். ஜில்லா ஸ்டோர்ல தெரிஞ்ச ஆளைப் புடிச்சு, புது மருந்து வாங்கினேன். இந்தத் தடவை வழியில தண்ணிகூடக் குடிக்கலை, நேரா வந்து வச்சேன். 'ரெண்டாவது டோஸ், மேலிடத்து உத்தரவு'ன்னு சொல்லி வீடு வீடாப் போய்ப் போட்டேன். ரெண்டு வாரம். எந்த வீட்டுல எந்த நாய்ன்னு எனக்கு எப்படித் தெரியும்? "நோட்டை வச்சுட்டுப் போம்மா, ஆபீசுக்கு வேணும்"னு அவகிட்டயே வாங்கி வச்சுக்கிட்டேன்.

அந்த நோட்டைக் கையில வச்சுக்கிட்டுத்தான் தெருத்தெருவாப் போனேன். பதினெட்டாம் நம்பர் வீடு, வெள்ளை நாய், வால்ல கறுப்பு முனைன்னு இருக்கும். கதவைத் தட்டினா வெள்ளை நாய், வால்ல கறுப்பு முனை. 'ஒரு கண்ணு நீலம்'னு இருக்கும், ஒரு கண்ணு நீலமாவே இருக்கும். ஹோட்டல் பின்னாடி போய் நின்னு 'பரோட்டா'ன்னு கூப்பிட்டேன். இடது காது மடிஞ்ச செம்பட்டை நாய் எழுந்திரிச்சு வருது. ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு இருக்காதான்னு தேடினேன் டீச்சர். ஒரு கதவு நம்பர், ஒரு நிறம். இருந்தா எனக்குக் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும். அறுபத்து ரெண்டுலயும் ஒரு எழுத்துத் தப்பில்லை.

போற இடத்துல எல்லாம் சனங்க என்ன சொல்லுச்சு தெரியுமா? "பாருங்க, அந்தப் புள்ளைங்க செஞ்ச கூத்துக்கு இவர் வயசான காலத்துல அலையறார்"னு. மோர் குடுத்தாங்க. குடிச்சேன்.

வாலாட்டி சங்கம் அதோட போச்சு. அஸ்லம் வீட்ல, தர்மா வீட்ல, நாய்ப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாங்க. மண்சட்டியெல்லாம் காஞ்சு கெடந்து உடைஞ்சுச்சு. கண்ணுல புரை விழுந்த பூனையைத் தூக்கிக்கிட்டு அந்த டெய்லர் ஒருநாள் என்கிட்ட வந்து, "அந்தப் பொண்ணு ஏன் வர்றதில்லை?"ன்னு சைகையில கேட்டார். பரீட்சைன்னு நானும் சைகையிலயே சொன்னேன். ஆரோக்கியம் திண்டுக்கல்லுக்கு மக வீட்டுக்குப் போயிட்டார். போகும்போது ஸ்டாண்டுல பஸ்ஸுக்காக உக்காந்திருந்தார். சைக்கிள் ஸ்டாண்டு எதிர்லதானே. அந்தப் பொண்ணு உள்ள இருந்து பாத்துக்கிட்டே இருந்தா, கிட்டப் போகலை. அவரும் கூப்பிடலை. அங்கயே செத்துட்டார்னு அடுத்த வருஷம் சேதி வந்துச்சு.

நான் ரிடையர் ஆகும்போது கேடயம் குடுத்தாங்க. அதுல 'சிறந்த சேவை'ன்னு எழுதியிருக்கும். உள்ள அலமாரியில இருக்கு, காட்ட மாட்டேன்.

இதுவரைக்குமாவது பழசு. போன மாசம் நடந்ததைச் சொல்றேன், அப்புறம் நீங்க கிளம்பலாம்.

நான் வழக்கமா மாத்திரை வாங்கற கடையில ஸ்டாக் இல்லை. கடைவீதியில புதுசா ஒரு மருந்துக்கடை திறந்திருக்காங்கல்ல, அங்க போனேன். கவுண்டர்ல ஒரு பொண்ணு. சட்டுனு அடையாளம் தெரியலை. எனக்கு முன்னால ஒரு அம்மா சீட்டைக் குடுத்தாங்க. இவ மாத்திரையை எடுத்தா. சீட்டைப் பாத்தா, அட்டையைப் பாத்தா. மறுபடி சீட்டைப் பாத்தா. திரும்பி முதலாளிகிட்ட, "அண்ணே, இது சரியான்னு ஒரு வாட்டி பாத்துடுங்க"ன்னா. அவர், "சரிதாம்மா"ன்னார். கவர்ல போட்டுட்டு, மறுபடி வெளிய எடுத்துப் பாத்தா. "அண்ணே, காலையில ஒண்ணுன்னுதானே போட்டிருக்கு?" அவர் சிரிச்சுக்கிட்டே என்கிட்ட சொல்றார், "நல்ல பொண்ணு சார், டிகிரியெல்லாம் முடிச்சிருக்கு. ஒரு தப்பு செஞ்சதில்லை. ஆனா தான் எழுதினதை மட்டும் தானே நம்பாது. பத்துத் தரம் கேக்கும்."

அப்பத்தான் பாத்தேன். சிவரஞ்சனி.

அவ என்னைப் பாத்துட்டா. "டாக்டர் சார்! நல்லா இருக்கீங்களா சார்?"ன்னு வெளியவே வந்துட்டா. எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டா. கடையில வேற ஆளும் இல்லை. முதலாளி உள்ள போயிட்டார். இவ கையைக் கட்டிக்கிட்டு, பழைய மாதிரியே நிக்கிறா. "சார், நிதினை அன்னைக்குப் பாத்தேன் சார். சைக்கிள்ல போறான். எவ்வளவு வளந்துட்டான்! அவனைப் பாக்கிறப்பல்லாம் உங்களைத்தான் சார் நினைப்பேன். நீங்க மட்டும் அன்னைக்கு ஓடி வரலைன்னா, என் தப்பால ஒரு உசிரு போயிருக்கும். உங்ககிட்ட ஒருநாள்கூட மன்னிப்புக் கேட்டதில்லை. மன்னிச்சுக்கங்க சார்"னா.

கண்ணு கலங்கியிருக்கு டீச்சர். பத்து வருஷமா அதைச் சுமந்துக்கிட்டு இருந்திருக்கா.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எழுந்திரிச்சேன். அவ தலையில கையை வச்சேன். "பரவாயில்லைம்மா, சின்னப் புள்ளையில செஞ்சதுதானே, இதையெல்லாம் மனசுல வச்சுக்காதே"ன்னேன்.

மன்னிச்சு விட்டுட்டு வந்தேன்.

போய்ச் சொல்லுங்கன்னு சொல்லப் போறீங்க. சொல்லணும். அவளுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்களாம், இப்போ போய்ப் பழசைக் கிளறினா அவளுக்கும்தானே சங்கடம்? கல்யாணம் முடியட்டும். பாக்கலாம்.

கேட் சத்தம் கேக்குது, எங்க வீட்ல வந்துட்டாங்க. நீங்க வேற ஆளைப் பாருங்க டீச்சர். நோட்டீசுல என் பேரை எடுத்துட்டு வேற அடிச்சுக்கங்க. உங்க புள்ளைங்க நாளைக்கு ஏன் வரலைன்னு கேக்கும். சாருக்கு உடம்பு முடியலைன்னு சொல்லிடுங்க. சின்னப் புள்ளைங்கதானே, நம்பிடும்.